தாமதித்து வந்த அடிவானம்

மேகத்துக்குள் புகுந்துவிட்ட விமானிக்குக் கண் இருந்தும் பயன் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒரே வெண்மை சூழ்ந்திருக்க, பூமி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அவனுடைய தேகமும் அறிந்து சொல்லமாட்டாது. செவிக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மெதுவான சாய்வை உணர்வதில்லை. சிறுகச் சிறுக ஒரு பக்கம் சரிந்துகொண்டே போகும் விமானத்தை நேராகப் பறப்பதாகவே அது நம்பவைக்கும். அந்தச் சமயத்தில் அவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி கருவிப் பலகைதான். அதிலும் பிரதானமானது செயற்கை அடிவானம் என்ற கருவி. விமானக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் ஆதலால், நிமிஷத்துக்கு இருபதினாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் சிறு சக்கரத்தை நான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தாங்கியில் ஒரு தூசி புகுந்தால்கூட அந்தக் கருவி எப்படிச் சோர்ந்துபோகும் என்பதையும் கண்டிருக்கிறேன். அந்தப் பழைய கருவியில் சக்கரத்துக்கும் முகப்பில் தெரியும் கோட்டுக்கும் நடுவே இருப்பது உலோகத் தொடர்பு மட்டுமே. விமானம் சாயும் அந்தக் கணத்திலேயே கோடும் சாயும்.

ஓய்வு பெற்றபின் எனக்கு வாய்த்த நட்புகளில் மிகவும் இனிமையானது, தாம்பரத்தில் எங்கள் அடுத்த தெருவில் வசிக்கும் இயற்பியல் ஆசிரியர் ஒருவருடையது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைச் சிறு வயது முதல் அண்ணாந்து பார்த்து வளர்ந்த அவர், பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து விடுபட்டதும், மாடியில் சும்மா கிடந்த ஓர் அறையில், போயிங் 737 விமானத்தின் விமானி அறையை ஏறக்குறைய அசல் அளவிலேயே பிளைவுட்டாலும் அலுமினியத் தகட்டாலும் நிர்மாணிக்கத் தொடங்கினார். உயரத்தையும் திசையையும் குறித்து வைக்கும் திருகுகளை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் விரல் வழுக்காதபடி சிறு சிறு பள்ளங்களைத் தம் கையாலேயே அரத்தால் ராவியிருந்தார். அந்தத் திருகைத் திருப்பினால் எழும் 'டிக்' என்ற ஓசை அசலில் எழுவது போலவே இருந்ததைக் கேட்டு நான் அதிசயித்துப் போனேன். அசல் விமானத்தில் ஆறு திரைகள் உண்டு. அவர் மூன்றோடு திருப்தி அடைந்திருந்தார்: தலைமை விமானியின் முன்னே இரண்டு, நடுவே எஞ்சின்களின் நிலையைக் காட்டுவதற்கு ஒன்று. மூன்றும் பழைய லேப்டாப்புகள். திரைப் பாகம் மட்டும் பலகையின் துவாரத்தில் தெரியும்படி பின்னால் பொருத்தப்பட்டவை. விமானத்தின் பறத்தலையெல்லாம் கணித்து வெளிக்காட்சியைச் சுவரில் வரைந்தது எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர். அது தனியாக ஒரு பெரிய கம்ப்யூட்டரில் ஓடியது. அதிலிருந்து வேகம், உயரம், சாய்வு முதலிய எண்களைப் பிடித்து வீட்டு வைஃபை மூலமாகத் திரைகளுக்கு அனுப்பும் சிறு புரோகிராமையும், அவற்றை வாங்கிப் படமாக வரையும் புரோகிராமையும் எழுதிக் கொடுத்தவன் ஆசிரியரின் அக்காள் மகன்.

இத்தனை சிரத்தையோடு எழுப்பிய அறையில் ஒரு குறை இருந்தது. சுவரில் தெரியும் வெளிக்காட்சி ஒழுங்காகச் சாய, முன்னே திரையில் இருக்கும் செயற்கை அடிவானம் மட்டும் தயங்கித் தயங்கி, தாவித் தாவிச் சாய்ந்தது. வானம் தெளிவாக இருந்தால் ஜன்னலைப் பார்த்து ஓட்டிவிடலாம். மேகத்தை இறக்கிவிட்டு, மீனம்பாக்கத்தின் 07 ஓடுதளத்துக்குக் கருவிகளை மட்டுமே நம்பி இறங்க முயன்றால், அவரால் விமானத்தை நேர்க்கோட்டில் நிறுத்தவே முடியவில்லை. இடப்புறம் சாய்ந்ததைத் திரை காட்டியதும் வலப்புறம் திருப்புவார்; திரை அசையாததைக் கண்டு இன்னும் திருப்புவார்; பிறகு திரை ஒரேயடியாக வலப்புறம் தாவும்.

"சார், எனக்கு வயசாகிவிட்டது என்று நினைக்கிறேன், கை நிதானம் போய்விட்டது" என்று அவர் ஒரு நாள் என்னிடம் சொன்னபோது, அவருடைய குரலில் இருந்த வருத்தம் என்னை வெகுவாகப் பாதித்தது.

கையின் மீது குற்றமில்லை என்பதைக் கணக்குப் போட்டே அவருக்குக் காட்டினேன். விநாடிக்குப் பதினைந்து பாகை வீதம் சாய்ந்துகொண்டிருக்கும் விமானத்தின் நிலை, கண்ணுக்கு 0.3 விநாடி தாமதித்துக் கிடைக்குமானால், இறக்கைகள் மட்டமாக இருப்பதாகத் திரை சொல்லும் சமயத்தில் உண்மையில் விமானம் நாலரைப் பாகை சாய்ந்திருக்கும். விமானி திருத்துவது கடந்துபோன நிலையை. அந்தத் திருத்தம் போய்ச் சேருவதோ வேறொரு நிலையில். எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும் அவன் மிகையாகத் திருத்தி ஊசலாடத்தான் செய்வான். இதை உணர்ந்துதான், விமானிகளுக்கு உத்தியோகப் பயிற்சி அளிக்கும் உயர்தரச் சிமுலேட்டர்களில், விமானியின் கை அசைவுக்கும் கருவிகளின் பிரதிபலிப்புக்கும் இடையே அசல் விமானத்தில் உள்ளதைவிட 150 மில்லி விநாடிக்கு மேல் தாமதம் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வரம்பு விதித்தது.

விமானிக்குத் தரையிலேயே பயிற்சி தரும் முயற்சி கம்ப்யூட்டரோடு பிறந்ததன்று. 1929-ல் எட்வின் லிங்க் என்பவர் நியூயார்க் மாகாணத்துப் பிங்காம்டன் நகரில், தம் தகப்பனாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் கிடைத்த துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டு, தரையிலிருந்தபடியே சாயவும் திரும்பவும் கூடிய ஒரு பயிற்சி விமானத்தைச் செய்தார். அதை வெகு நாள் அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமந்து பறக்கும் பொறுப்பை ஏற்று, மோசமான வானிலையில் பலர் மாண்டபிறகுதான் ராணுவம் அந்த இயந்திரங்களில் ஆறு வாங்கியது. கருவியைப் பார்த்துப் பறக்கக் கற்பது எவ்வளவு உயிர்களின் விலை என்பதை நினைக்கும்போது, மாடியறையில் விளையாட்டாக அமைத்த கருவியாயினும் அது உண்மை பேசவேண்டும் என்றே எனக்குத் தோன்றும்.

நான் ஆசிரியர் வீட்டுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் திரையின் தயக்கத்தைப் பற்றிப் பலவிதமான அபிப்பிராயங்கள் உலவிக்கொண்டிருந்தன. லேப்டாப்புகள் பழசு என்பது ஒன்று. மின்சாரத்தின் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்பது இன்னொன்று. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஒருவர், வீட்டு இணையத்தின் வேகம் போதாது, அதிக வேகத் திட்டத்துக்கு மாறி ரூட்டரையும் மாற்றுங்கள் என்று யோசனை சொல்ல, ஆசிரியரும் அதன்படியே பணத்தைச் செலவழித்திருந்தார். ஒரு பயனும் இல்லை. பயன் இருக்க நியாயமும் இல்லை. எண்கள் போனது ஒரு மேஜையிலிருந்து பக்கத்து மேஜைக்கு. வெளி இணையத்தின் வாசலையே அவை மிதிக்கவில்லை. அளவும் அற்பமானது. ஒரு தடவைக்கு நாற்பது எண்கள், எண்ணுக்கு நான்கு பைட், விநாடிக்கு இருபது தடவை என்று வைத்துக்கொண்டாலும், மொத்தம் 3,200 பைட்டுகள்தாம். இன்றைய மிகச் சாதாரணமான ரூட்டருக்கும் அது ஒரு பாரமே அன்று.

இந்த இடத்தில், அசல் விமானத்துக்குள் எண்கள் எப்படிப் பிரயாணம் செய்கின்றன என்பதைச் சொல்லவேண்டும். ஏனெனில் எனக்கு வழி காட்டியது அந்த ஞாபகம்தான். போயிங் 737 முதலிய விமானங்களில் கருவிகளுக்கிடையே தகவல் கொண்டுபோவது, 1977-ல் வகுக்கப்பட்ட ஏரிங்க் 429 என்ற முறை. ஒரு கருவி பேசும். முறுக்கிய ஒரு ஜோடிக் கம்பியில் இருபது கருவிகள் வரை கேட்கும். கேட்பவை அந்தக் கம்பியில் பதில் பேசா. ஒவ்வொரு சொல்லும் 32 பிட். அவற்றுள் எட்டு, இது சாய்வா உயரமா வேகமா என்பதைக் குறிக்கும் அடையாள எண். அதன் உச்ச வேகம் விநாடிக்கு ஒரு லட்சம் பிட் மாத்திரமே. இன்றைய வைஃபையின் வேகத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆயினும் சாய்வைக் குறிக்கும் சொல் இருபது மில்லி விநாடிக்கு ஒரு முறையேனும் தவறாமல் வந்தே தீரும். அந்தக் கம்பியின் பெருமை வேகத்தில் இல்லை, தவறாமையில் இருக்கிறது. அலைக்காட்டியின் பச்சைத் திரையில் அந்தச் சொற்கள் சம இடைவெளி விட்டு அணிவகுத்துப் போவதை எத்தனையோ பிற்பகல்களில் பார்த்துப் பழகிய எனக்கு, ஆசிரியர் வீட்டுத் திரையின் கோளாறைக் கண்டவுடன், எத்தனை எண்கள் வருகின்றன என்பதைவிட என்ன இடைவெளியில் வருகின்றன என்பதைக் கேட்கவேண்டும் என்றே தோன்றியது.

முதலில் கண்ணுக்குத் தெரிவதை அளந்தோம். இப்போதைய கைப்பேசிகளில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் வசதி உண்டு. சுவர்க் காட்சியும் கருவித் திரையும் சேர்ந்து விழும்படி அதை முக்காலியில் நிறுத்தி, ஆசிரியர் சக்கரப் பிடியைச் சட்டென்று திருப்ப, எடுத்த படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினோம். சுவரில் அடிவானம் அசைந்த படத்துக்கும் திரையில் அசைந்த படத்துக்கும் நடுவே ஒரு தடவை இருபதுக்குக் குறைவான படங்கள். மறுதடவை எழுபதுக்கு மேல். தாமதம் நிலையாக இருந்தால், மெதுவான ஏதோ ஒரு சாதனம் வழியில் இருக்கிறது என்று கொள்ளலாம். இப்படி மாறி மாறி வருமானால், வழியில் எதுவோ எண்களைப் பிடித்து நிறுத்திவைத்துப் பிறகு விடுகிறது என்றே அர்த்தம். பழுதுபார்க்கும் தொழிலில் நான் கற்றது இதுதான்: கோளாறு எங்கே என்று யோசிப்பதற்கு முன், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் நேரம் குறித்துப் பார்த்துவிடவேண்டும். புரோகிராம் எழுதிய அந்த மருமகப் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அனுப்பும் இடத்திலும் வாங்கும் இடத்திலும், ஒரு தடவை போகும் எண்களின் கட்டான ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மில்லி விநாடிக் கணக்கில் நேரம் குறித்துக்கொள்ள ஏற்பாடு செய்தான்.

அனுப்பும் இடத்திலேயே முதல் விஷயம் அகப்பட்டது. அவன் எழுதியது விநாடிக்கு இருபது என்று, போய்க்கொண்டிருந்தது பன்னிரண்டரை. எக்ஸ்-பிளேனில் இத்தகைய துணைப் புரோகிராம், தன்னை எவ்வளவு நேரம் கழித்து மறுபடி அழைக்கவேண்டும் என்பதை ஒரு எண்ணாகச் சொல்லி வைக்கும், அது 0.05 விநாடி என்று சொல்லியிருந்தது. ஆனால் சிமுலேட்டர் படத்துக்குப் படம்தான் எதையும் கவனிக்கும். மேகங்களை வரைவதில் திணறிய அந்தக் கம்ப்யூட்டர் விநாடிக்கு இருபத்தைந்து படங்களே வரைந்தபடியால், ஒரு படத்துக்கு நாற்பது மில்லி விநாடி ஆயிற்று. முதல் படம் முடிந்தபோது ஐம்பது மில்லி விநாடி இன்னும் ஆகவில்லை. இரண்டாவது முடிந்தபோது எண்பது ஆகிவிட்டது. இரண்டு படத்துக்கு ஒரு முறை என்றால் பன்னிரண்டரை. அந்த எண்ணுக்குப் பதிலாக −1 என்று கொடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் அழைப்பு வரும் என்பதை அறிந்து, அவன் அங்கேயே உட்கார்ந்து மாற்றினான், இருபத்தைந்து ஆயிற்று. மேகத்தின் நுணுக்கத்தைச் சற்றுக் குறைத்ததில் முப்பதைத் தாண்டியது.

திரையோ முன்போலவே தாவிக்கொண்டிருந்தது. வாங்கும் புரோகிராமின் மூலையில் விநாடிக்கு எத்தனை பாக்கெட் வந்தது என்று காட்டும் கணக்கு இப்போது முப்பது என்று காட்டியும், அடிவானம் விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் அசையவில்லை. சராசரி என்பது எவ்வளவு பெரிய பிரமையை உண்டாக்கக்கூடியது என்பதை நான் அதற்குமுன் அவ்வளவு பிரத்தியட்சமாகக் கண்டதில்லை.

முடிச்சை அவிழ்க்க உதவியது ஆசிரியர் எதேச்சையாகச் சொன்ன ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் திரை அழகாக ஓடுகிறது, அந்த நேரத்தில் தெருவில் மின்சாரச் செலவு குறைவோ என்னவோ என்றார் அவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் என்ன மாறுதல் என்று விசாரித்தேன். அம்மாவும் மருமகளும் பேரப் பிள்ளைகளும் கோயிலுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இவர் தனியாக இருப்பார். அவர்கள் கைப்பேசிகளும் அவர்களோடு போய்விடும். இவரோ, மாடியறையில் 'பறக்கும்' நேரத்தில் தம் கைப்பேசியை அணைத்து வைப்பதை ஒரு நியமமாகவே கைக்கொண்டிருந்தார். ஆக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டு வைஃபையில் ஒரு கைப்பேசியும் இல்லை.

இதைக் கேட்டதும் மருமகப் பிள்ளையின் முகம் மாறியது. "மாமா, நான் எல்லாத் திரைக்கும் ஒரே முகவரியில் பொதுவாகத்தான் அனுப்புகிறேன்" என்றான். அதாவது, மூன்று லேப்டாப்புக்கும் தனித்தனியே அனுப்பாமல், வீட்டில் உள்ள எல்லாரும் கேளுங்கள் என்ற பொது அறிவிப்பாக ஒவ்வொரு பாக்கெட்டும் போய்க்கொண்டிருந்தது. கம்பியில் அது குற்றமில்லை. வைஃபையில் அதன் கதை வேறு. கைப்பேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக அடிக்கடி தம் ரேடியோவை உறங்கவைக்கின்றன. உறங்கப் போகும் முன் ரூட்டரிடம் அதைத் தெரிவித்தும் விடுகின்றன. பொது அறிவிப்பு எல்லாருக்கும் உரியது ஆகையால், ஒரு கைப்பேசி உறங்கினாலும் ரூட்டர் அதை உடனே அனுப்பாமல், எல்லாரும் விழித்துக் கேட்பதற்கென்று குறித்த வேளை வரும்வரை சேர்த்துவைக்கும். கிராமத்துத் தபால் பெட்டியில் காலையில் போட்ட கடிதமும் மத்தியானம் போட்ட கடிதமும், ஓட்டக்காரர் வரும் வேளையில் ஒரே பையில் ஏறிப் போவதைப் போன்றது அது. ரூட்டர் தன் இருப்பை 102.4 மில்லி விநாடிக்கு ஒரு முறை முழங்குவது வழக்கம். அந்த ரூட்டரில் மூன்று முழக்கத்துக்கு ஒரு முறை பை கட்டும்படி அமைந்திருந்தது. மூன்று முழக்கம் என்றால் 307 மில்லி விநாடி.

வாங்கும் லேப்டாப்பில் குறித்த நேரங்களை வரிசையாகப் பார்த்தோம். ஒன்பது அல்லது பத்துப் பாக்கெட்டுகள், ஒன்றுக்கொன்று ஒரு மில்லி விநாடி, இரண்டு மில்லி விநாடி இடைவெளியில் வந்து குவிந்திருந்தன. அதன்பின் ஏறக்குறைய முந்நூறு மில்லி விநாடிக்கு ஒன்றுமே இல்லை. பிறகு மறுபடியும் ஒரு குவியல். பக்கம் பக்கமாக அப்படியே இருந்தது. குவியலில் கடைசியாக வந்த பாக்கெட் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் படமாயிற்று. மற்றவை வரையப்படுமுன்னே பழசாகிவிட்டன. கீழே போய், வீட்டில் உள்ள எல்லாருடைய கைப்பேசிகளையும் சற்று நேரம் அணைத்துவைக்கும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். குவியல்கள் கலைந்து, முப்பத்து மூன்று, முப்பத்து நாலு, முப்பத்து மூன்று என்று எண்கள் சீராக இறங்கின. மேலே ஏறி வந்த ஆசிரியர் அந்தப் பட்டியலைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து, மேகத்தை இறக்கிவிட்டு, ஓடுதளத்தின் நடுக்கோட்டில் விமானத்தை இறக்கினார்.

பரிகாரம் சுலபமானது. பொது அறிவிப்பை விட்டு, மூன்று லேப்டாப்புகளுக்கும் தனித்தனி முகவரியில் அனுப்பும்படி மாற்றிய அளவிலேயே பெரும் தொல்லை தீர்ந்தது. தனி முகவரிக்குப் போகும் பாக்கெட் சேர்ந்ததா என்று ரூட்டர் கேட்டு, சேராவிட்டால் மறுபடி அனுப்பும். பொது அறிவிப்புக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. எனினும் நான் கம்பியையே வற்புறுத்தினேன். ஓரிடத்தில் நிலையாக இருக்கும் கருவிக்குக் கம்பியில்லாத் தொடர்பு எதற்கு என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரு சிறு ஸ்விட்சும் நாலு ஈதர்நெட் கேபிளும் வாங்கி, பலகையின் பின்புறம் கட்டி முடித்தோம். வரையும் புரோகிராம், இருபது மில்லி விநாடி உறங்கி எழுந்து பாக்கெட் வந்ததா என்று பார்க்கும்படி எழுதப்பட்டிருந்தது. விண்டோஸின் கடிகாரம் சாதாரணமாக 15.6 மில்லி விநாடிக்கு ஒரு முறையே துடிப்பதால் அந்த உறக்கம் முப்பதுக்கு மேல் நீண்டது. பாக்கெட் வந்ததும் எழும்படி அதையும் மாற்றினான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்கும் எனக்கும் வாக்குவாதம் நடந்தது. பாக்கெட் வர நேரமானால், விமானம் இப்போது எந்த வேகத்தில் சாய்கிறதோ அதைக் கொண்டு அடுத்த நிலையை ஊகித்துத் திரை தானாகவே வரைந்துகொள்ளலாம், கண்ணுக்கு வழுவழுப்பாக இருக்கும் என்றான் அவன். ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியை அப்படி நிரப்புவதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் செய்தியே வராதபோதும் முள் அழகாக ஓடுமானால், அது கருவி அன்று. பழைய செயற்கை அடிவானத்தில் மின்சாரம் நின்றால் முகப்பில் ஒரு சிவப்புக் கொடி விழும்; ஏரிங்க் சொல்லிலும், இந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்பதைச் சொல்வதற்கென்றே இரண்டு பிட்டுகளை ஒதுக்கியிருக்கிறார்கள். இதையெல்லாம் நான் எடுத்துச் சொல்ல, அவன் பொறுமையாகக் கேட்டான்.

அடுத்த வாரம் வந்தபோது, ஒவ்வொரு பாக்கெட்டிலும் புறப்பட்ட நேரத்தையும் ஒரு வரிசை எண்ணையும் சேர்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தான். கம்ப்யூட்டர்களின் கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்வதற்கு அந்தப் பகல் முழுவதும் ஆயிற்று. இப்போது ஒரு செய்தியின் வயது 150 மில்லி விநாடியைத் தாண்டினால், அடிவானம் திரையிலிருந்து நீங்கி, அந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி ஒன்று தோன்றும். ஆசிரியர் அதைப் பரீட்சிக்க விரும்பி, பலகைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கேபிளைப் பிடுங்கினார். குறி உடனே தோன்றியது. திரும்பச் செருகினார், அடிவானம் வந்தது. மற்ற இரண்டு திரைகளிலும் அவ்வாறே செய்து பார்த்துவிட்டு, பெருக்கல் குறியின் கோடுகள் இன்னும் கொஞ்சம் தடிமனாக இருக்கலாம் என்று மருமகப் பிள்ளையிடம் சொன்னார்.